உழைத்த உடலும் ஓயாத மனமும்



விடியுமுன் எழுந்து, வெயில் ஏறுவதற்குள் தோட்டத்துக்கு இறைத்து, பகல் முழுவதும் மண்வெட்டியோடு நின்ற மனிதர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். இரவில் பாயில் தலை சாய்த்ததும் அவருக்கு நித்திரை வந்தது. இடம்பெயர்ந்த பின், அதே மனிதர் தகரக் கொட்டிலிலோ உறவினர் வளவிலோ பகல் முழுவதும் கதிரையில் இருக்கிறார். செய்வதற்கு வேலை இல்லை. ஆனால் களைப்புத் தீரவில்லை. இரவு நித்திரையும் இல்லை. "ஒன்றும் செய்யாமலே உடம்பு முறியுது" என்கிறார். அயலவர்கள் இதைச் சோம்பல் என்கிறார்கள். சிலர் விதி என்கிறார்கள். இரண்டும் சரியான விடையல்ல.

இந்தப் பாடத்தில் அதற்கான விடையை நோக்குவோம். உடலுக்குத் தனியே ஒரு பயிற்சி, மனதுக்குத் தனியே ஒரு பயிற்சி என்று பிரிக்காமல் இரண்டையும் ஒரே வேளையில் பழக்குவது எப்படி என்றும் பார்ப்போம். இதற்குப் பணம் தேவையில்லை. ஆறடி நிலமும் ஒரு நாளில் ஒரு மணி நேரமும் போதும்.

1. நிலம் தந்த பயிற்சி

உடலையும் மனதையும் சேர்த்துப் பழக்குவது விவசாயிகளுக்குப் புதிதன்று. யாழ்ப்பாணத்தில் நீரிறைக்கும் இயந்திரம் வருமுன் துலா மிதித்தவர்களை மூத்தவர்கள் அறிவார்கள். துலாவில் நடப்பவரின் கால் ஒரு முறை தவறினால் உயிருக்கே ஆபத்து. கீழே பட்டையைப் பிடித்தவரின் கையும் மேலே நடப்பவரின் காலும் ஒரே கதியில் இயங்க வேண்டும். அங்கே உடல் உழைத்தது. மனம் காலடியிலேயே நின்றது. மூச்சு இரண்டையும் இணைத்தது. வயலில் அருவி வெட்டும்போது வரிசையாக நின்று பாடிக்கொண்டே வெட்டியதும் இதே காரணத்தால்தான். பாட்டு மூச்சை ஒழுங்காக்கியது. மூச்சு கையை ஒழுங்காக்கியது. பக்கத்தில் ஒருவர் நின்றதால் வேலையின் பாரமும் குறைந்தது.

இவ்வாறு நிலம் நான்கு நன்மைகளை ஒன்றாகத் தந்தது. முதலாவது அசைவு. இரண்டாவது கவனம். மூன்றாவது நாளுக்கும் பருவத்துக்கும் உரிய ஒழுங்கு. நான்காவது கூட்டு, அதாவது பிறரோடு சேர்ந்திருத்தல்.

1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பியவர்களும், 1995 ஒக்ரோபர் முடிவில் வலிகாமம் முழுவதையும் விட்டு மழையில் நடந்தவர்களும், 2009 இல் வன்னியிலிருந்து மெனிக் பாம் முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டவர்களும் காணியை மட்டும் இழக்கவில்லை. இந்த நான்கு நன்மைகளையும் ஒரே நாளில் இழந்தார்கள். மெனிக் பாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டது. ஆயினும் சொந்தக் காணிக்குத் திரும்பாத குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. திரும்பியவர்களிலும் பலருக்கு அந்தப் பழைய ஒழுங்கு திரும்பவில்லை. இழந்த நான்கையும், காணி கிடைக்கும்வரை காத்திராமல், சிறிய அளவிலாவது மீண்டும் கட்டி எழுப்புவதே இந்தப் பாடத்தின் நோக்கம்.

2. உடல் சொல்லும் செய்தி

நம் மக்கள் மனத்துயரை "மனத்துயர்" என்று சொல்வது குறைவு. "நெஞ்சு இடிக்குது", "தலையிடி", "கை கால் உளைவு", "ஒரே யோசினை" என்றுதான் சொல்வார்கள். பேச்சின் நடுவே அடிக்கடி பெருமூச்சு விடுவார்கள். வைத்தியசாலையில் சோதித்துவிட்டு "ஒரு வருத்தமும் இல்லை" என்று அனுப்பும்போது, தாங்கள் பொய் சொன்னதாக மற்றவர்கள் நினைப்பார்களோ என்று கூசுவார்கள். அவர்கள் சொன்னது பொய்யன்று. யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போர் நம் மக்களின் மனங்களில் விட்டுச்சென்ற வடுக்களைப் பற்றி 1998 இல் ஆங்கிலத்தில் ஒரு நூலே வெளியிட்டார். அத்தகைய மனக்காயம் உடல்நோவாக வெளிப்படுவது உளமருத்துவம் நன்கறிந்த ஒன்று.

இது எப்படி நிகழ்கிறது? ஆபத்து வரும்போது உடல் தானாகவே தயாராகிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, மூச்சு விரைகிறது, தசைகள் இறுகுகின்றன, வயிறு தன் வேலையை நிறுத்தி வைக்கிறது. விமானச் சத்தம் கேட்டதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பதுங்கு குழிக்கு ஓடியபோது உங்களைக் காப்பாற்றியது இந்த ஏற்பாடுதான். ஆபத்து நீங்கியதும் அது அடங்க வேண்டும். ஆனால் ஆபத்து மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நீண்டால் உடல் அடங்கும் பழக்கத்தை மறந்துவிடுகிறது. பட்டாசு வெடித்தாலும் அது பதுங்கு குழியைத் தேடுகிறது. தோள்களும் கழுத்தும் இரவில்கூட இறுகியே கிடக்கின்றன. சும்மா இருந்தவருக்கு உடம்பு முறிவதன் காரணம் இதுவே. வெளியே கதிரையில் இருந்தாலும் உள்ளே அவர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறார்.

மனதில் உள்ளது உடலில் தெரிகிறது. அதே பாதையில் எதிர்த்திசையிலும் போகலாம். "யோசியாதே" என்று மனதுக்குக் கட்டளையிட்டால் அது இன்னும் கூடுதலாக யோசிக்கும். "மெதுவாக அடி" என்று இதயத்துக்குச் சொன்னாலும் அது கேளாது. ஆனால் மூச்சும் தசையும் நம் சொல்லுக்குக் கட்டுப்படும். மூச்சை மெதுவாக வெளியே விடும்போது இதயத் துடிப்பும் சிறிது மெதுவாகும். தசை தளரும்போது மூளைக்கு "ஆபத்து இல்லை" என்ற செய்தி போகிறது. வாசல் வழியாக வீட்டுக்குள் போவதுபோல, உடல் வழியாக மனதிடம் போகலாம்.

3. பிற இடங்களில் கண்ட பயன்

எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர், தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்தும் முறையை உருவாக்கி 1929 இல் நூலாக வெளியிட்டார். கவலையோடு இருப்பவரின் தசைகள் அவர் அறியாமலே இறுகியிருப்பதையும், அவற்றைத் தளர்த்தப் பழகினால் கவலையின் வேகமும் குறைவதையும் அவர் காட்டினார். இன்றும் உளவளத்துணையாளர்கள் இம்முறையைக் கற்பிக்கிறார்கள்.

நம்மைப் போலவே இடம்பெயர்ந்தவர்களிடமும் இத்தகைய பயிற்சி பரீட்சிக்கப்பட்டது. உகண்டா நாட்டின் வடமேற்கில் றைனோ என்ற அகதிக் குடியேற்றம் உண்டு. அங்கே தென் சூடான் போரிலிருந்து தப்பி வந்த ஏறக்குறைய 700 பெண்கள் ஓர் ஆய்வில் பங்குகொண்டார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் உலக சுகாதார ஸ்தாபனம் தயாரித்த பயிற்சியைக் குழுக்களாக ஐந்து முறை கூடிக் கற்றார்கள். வைத்தியர்கள் வரவில்லை. ஒலிப்பதிவு ஒன்றும், அதை நடத்தச் சிறு பயிற்சி பெற்ற சாதாரண ஆட்களுமே போதுமானதாக இருந்தது. மூச்சைக் கவனித்தல், காலை நிலத்தில் ஊன்றி நிற்றல், தமக்கு முக்கியமான சிறு செயலொன்றைச் செய்தல் என்பனவே பாடங்கள். மூன்று மாதங்களின் பின் பார்த்தபோது, பயிற்சி பெற்றவர்களின் மனத்துயர் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. அந்த ஆய்வு 2020 இல் வெளியாயிற்று.

அதே ஆண்டில் உலக சுகாதார ஸ்தாபனம், வளர்ந்தவர்கள் வாரத்தில் 150 முதல் 300 நிமிடம்வரை ஓரளவு மூச்சு வாங்கும்படி உடலை இயக்க வேண்டும் என்று அறிவுறுத்தியது. நடப்பதும் தோட்டவேலையும் வீட்டுவேலையும் இந்தக் கணக்கில் சேரும். நிலத்தில் நின்ற நாட்களில் இந்த அளவை நீங்கள் இரண்டே நாளில் முடித்திருப்பீர்கள்.

4. ஐந்து பயிற்சிகள்

அ) கால் ஊன்றுதல் (2 நிமிடம்). செருப்பைக் கழற்றிவிட்டு நிலத்தில் நில்லுங்கள். இரு பாதங்களையும் நன்றாக அழுத்துங்கள். மண்ணின் குளிர்ச்சியையும் கரடுமுரடையும் உணருங்கள். கண்ணில் படும் ஐந்து பொருட்களை மெதுவாகப் பெயர் சொல்லுங்கள். பின் காதில் விழும் மூன்று சத்தங்களைச் சொல்லுங்கள். பழைய காட்சிகள் திடீரென மனதில் பாயும்போது இதுவே முதலுதவி. "நான் இப்போது இங்கே நிற்கிறேன்" என்பதைக் கால் மனதுக்குச் சொல்லிக் கொடுக்கிறது.

ஆ) மூச்சு (5 நிமிடம்). முதுகை நிமிர்த்தி இருங்கள். ஒரு கையை வயிற்றில் வையுங்கள். நான்கு எண்ணும்வரை மூக்கால் மூச்சை உள்ளே எடுங்கள். வயிறு உயர வேண்டும். ஆறு எண்ணும்வரை மெதுவாக வெளியே விடுங்கள். சாதாரணமாக ஒருவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்செடுக்கிறார். இப்பயிற்சியில் அது ஆறு முறையாகக் குறையும். மூச்சை அடக்கிப் பிடிக்க வேண்டாம். தலை சுற்றினால் நிறுத்திவிட்டுச் சாதாரணமாக மூச்சு விடுங்கள். எண்ணிக்கைக்குப் பதிலாக, அவரவர் சமயத்தில் பழகிய ஒரு சிறு செபத்தையோ இறைநாமத்தையோ மூச்சோடு சேர்த்துச் சொல்லலாம். செபமாலை உருட்டும் கையும் உருத்திராட்ச மாலை உருட்டும் கையும் இந்த ஒழுங்கை முன்பே அறியும்.

இ) இறுக்கித் தளர்த்துதல் (10 நிமிடம்). இரவில் படுக்குமுன் பாயில் கிடந்து செய்யுங்கள். வலது கையை முட்டியாக இறுக்கி ஐந்து எண்ணுங்கள். பின் ஒரேயடியாக விட்டுப் பதினைந்து எண்ணும்வரை அந்தத் தளர்வைக் கவனியுங்கள். அதேபோல இடது கை, தோள்கள், முகம், வயிறு, தொடைகள், பாதங்கள் என்று ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். இறுக்கத்துக்கும் தளர்வுக்கும் உள்ள வேறுபாட்டை மனம் கவனிப்பதே இங்கு முக்கியம். குண்டுச் சிதறல் கிடக்கும் இடத்தையும் ஆறாத காயத்தையும் இறுக்க வேண்டாம். அந்த இடங்களை விட்டுவிட்டு மற்றவற்றைச் செய்யுங்கள்.

ஈ) எண்ணி நடத்தல் (30 நிமிடம்). காலையிலோ மாலையிலோ சற்று விரைவாக நடவுங்கள். பேச முடிய வேண்டும். ஆனால் பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும். அதுவே சரியான வேகம். காலடிகளை ஒன்று முதல் பத்துவரை எண்ணுங்கள். மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்குங்கள். நடுவில் மனம் கடனுக்கோ காணிக்கோ காணாமற்போனவருக்கோ ஓடிவிடும். அதற்காக உங்களை நீங்களே கடிந்துகொள்ள வேண்டாம். பட்டியை விட்டு ஓடிய கன்றைத் திருப்பிக் கொண்டுவருவதுபோல மனதை மீண்டும் ஒன்றுக்குக் கொண்டுவாருங்கள். இப்படித் திருப்பிக் கொண்டுவருவதுதான் மனதுக்கான பயிற்சி. நடக்க முடியாதவர்களும் கால் இழந்தவர்களும் இருந்தபடியே கைகளை உயர்த்தித் தாழ்த்தி எண்ணலாம்.

உ) ஒரு சிறு பயிர். நிலம் இல்லாவிட்டாலும் ஒரு பழைய சாக்கில் மண்ணும் எருவும் நிரப்பலாம். அதில் கீரை விதையுங்கள். ஒரு மாதத்துக்குள் பிடுங்கலாம். இரண்டு சாக்குக் கீரையால் குடும்பத்தின் பசி தீராது என்பது நமக்குத் தெரியும். ஆனாலும் நாளை காலையில் எழுவதற்கு அது ஒரு காரணத்தைத் தருகிறது. நீர் ஊற்றும் அந்தப் பத்து நிமிடமும் இலையையும் பூச்சியையும் மண்ணின் ஈரத்தையும் மட்டும் பாருங்கள். விவசாயியின் கண் மறந்துபோகாமல் இருக்க இது உதவும்.

கண்ணை மூடினால் பழைய காட்சிகள் வருகின்றன என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் எல்லாப் பயிற்சிகளையும் கண்ணைத் திறந்தபடியே செய்யட்டும். நீரிழிவு உள்ளவர்கள் வெறுங்காலோடு நடக்கவோ நிற்கவோ வேண்டாம். இதய நோயாளரும் கர்ப்பிணித் தாய்மாரும் வைத்தியரையோ குடும்பநல உத்தியோகத்தரையோ கேட்டபின் தொடங்கட்டும்.

5. நாளுக்கு ஓர் ஒழுங்கு

மேற்கண்டவற்றை மனம் வந்தபோது செய்தால் பயன் குறைவு. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே நேரத்தில் எழும்புங்கள். காலையில் கால் ஊன்றுதலும் நடையும், நண்பகலில் மூச்சு, மாலையில் பயிர், இரவில் இறுக்கித் தளர்த்துதல் என்று நாளைப் பிரித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். முதல் வாரம் மூச்சு மட்டும் போதும். அடுத்த வாரம் நடையைச் சேருங்கள். நித்திரை வருவதற்கென்று கசிப்புக் குடிப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அது முதல் இரண்டு மணி நேரம் உறங்க வைக்கும்; பின் நடுச்சாமத்தில் எழுப்பிவிடும். நித்திரையும் கெடும், மறுநாளும் கெடும்.

6. ஆணுக்கு அசைவு குறைவு, பெண்ணுக்கு ஓய்வு குறைவு

இடம்பெயர்வில் ஆண்களின் வேலை நின்றது. பெண்களின் வேலை கூடியது. தூரத்துக் குழாயில் வரிசையில் நின்று நீர் எடுப்பது, ஈர விறகோடு போராடுவது, நோயுற்றவரைப் பார்ப்பது, கணவர் இல்லாத வீட்டில் இரண்டு பேரின் பொறுப்பையும் சுமப்பது என்று அவர்களின் உடல் ஓய்வதே இல்லை. ஆகவே பெண்களுக்கு "இன்னும் நட" என்று சொல்வது நியாயமன்று. அவர்களுக்கு வேண்டியது ஆ) வும் இ) யும்; அவற்றுக்கு யாரும் கூப்பிடாத பதினைந்து நிமிடம். அந்த நேரத்தை அவர்களுக்குக் கொடுப்பது வீட்டிலுள்ள ஆண்களின் கடமை. நீர்க்குடத்தை அவர் தூக்கட்டும்: அவருக்கு அசைவு கிடைக்கும், அவளுக்கு ஓய்வு கிடைக்கும். ஒரே குடத்தால் இருவருக்கும் மருந்து.

7. சேர்ந்து பழகுதல்

தனியே செய்யும் பயிற்சி விரைவில் கைவிடப்படும். நான்கு குடும்பங்கள் சேர்ந்தால் அது நிலைக்கும். வாரத்தில் ஒரு மாலை பிள்ளைகளோடு கிளித்தட்டு மறியுங்கள். கால் ஓட வேண்டும், கண் எதிரியின் கையைப் பார்க்க வேண்டும், மனம் அடுத்த கோட்டைக் கணக்கிட வேண்டும். இதைவிட நல்ல உடல் மனப் பயிற்சி எது? மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் கூத்துப் பழகியவர்கள் உங்களிடையே இருப்பார்கள். அவர்களிடம் ஆட்டத்தையும் பாட்டையும் கேட்டுப் பழகுங்கள். அடி தவறாமல் ஆடவும், மூச்சு உடையாமல் பாடவும், நீண்ட பாட்டை நினைவில் வைத்திருக்கவும் கூத்து பழக்குகிறது. ஊரை விட்டு வரும்போது எல்லாவற்றையும் விட்டு வந்தோம் என்பவர்களுக்கு, உடம்பில் எழுதியதைக் கொண்டு வந்திருக்கிறோம் என்பதையும் அது நினைவூட்டும்.

8. பயிற்சியின் எல்லை

இரண்டு விடயங்களைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

முதலாவது, எல்லாத் துயரும் பயிற்சியால் தீராது. இரண்டு வாரத்துக்கு மேல் ஒன்றிலும் விருப்பம் இல்லாமல் இருப்பவர், உண்ணாமல் உறங்காமல் மெலிபவர், இல்லாத குரல்களைக் கேட்பவர், "நான் இருந்து என்ன பயன்" என்று பேசுபவர் ஆகியோரை வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள். தேசிய உளநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்திலும் பேசலாம். பயிர்மருந்துப் போத்தல்களை வீட்டுக்குள் வைக்க வேண்டாம். பெட்டியில் பூட்டித் திறப்பை வேறொருவரிடம் கொடுங்கள். 1995 அளவில் தற்கொலை வீதம் மிக உயர்ந்த உலக நாடுகளுள் இலங்கையும் ஒன்றாக இருந்தது. கொடிய பயிர்மருந்துகள் தடைசெய்யப்பட்ட பின் அது பாதிக்கும் கீழாகக் குறைந்தது. கைக்கெட்டாமல் வைப்பது உயிரைக் காக்கும் என்பதற்கு நம் நாடே சான்று.

இரண்டாவது, பயிற்சி காணிக்குப் பதிலாகாது. "மூச்சை அடக்கிப் பேசாமல் இருங்கள்" என்று இந்தப் பாடம் சொல்லவில்லை. உறுதியோடு கச்சேரி வாசலில் நிற்கவும், கூட்டத்தில் எழுந்து கோபத்தில் குரல் உடையாமல் நியாயத்தைப் பேசவும், ஐந்தாம் முறை வரச் சொன்னாலும் ஐந்தாம் முறை போகவும் உடல் பலமும் மனப் பலமும் வேண்டும். காணி விடப்படும் நாளிலும் அவை வேண்டும். கண்ணிவெடி அகற்றப்பட்டதென அறிவித்த பின் உள்ளே போனால், வீடு இருந்த இடத்தில் பற்றையும் தூர்ந்த கிணறும் இருக்கும். அந்தப் பற்றையை வெட்டக் கையும், அந்தக் காட்சியைத் தாங்க மனமும் தயாராக இருக்க வேண்டும். பல ஆண்டு தரிசாகக் கிடந்த நிலத்தை ஒரே உழவில் பண்படுத்த முடியாது என்பதை உங்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. உடலும் மனமும் அப்படியே. இன்று மாலை ஐந்து நிமிட மூச்சோடு முதல் உழவைத் தொடங்குங்கள்.

குழுவில் கலந்துரையாட

1. ஊரில் இருந்தபோது உங்கள் நாள் எவ்வாறு தொடங்கி எவ்வாறு முடிந்தது? அந்த ஒழுங்கில் எதை இன்றும் செய்யலாம்?

2. உங்கள் துயர் உடலின் எந்தப் பகுதியில் தெரிகிறது? அதை வீட்டில் யாரிடமாவது சொல்லியிருக்கிறீர்களா?

3. உங்கள் வீட்டில் யாருக்கு அசைவு குறைவு, யாருக்கு ஓய்வு குறைவு? எந்த வேலையைக் கைமாற்றலாம்?

4. வாரத்தில் ஒரு மாலை சேர்ந்து பழக எந்த இடம், எந்த நேரம் பொருந்தும்? யார் பொறுப்பெடுப்பார்?